தொட்டுக் கொடுக்கும் பர்மிட்

ஆபத்தை அளக்க இப்போது இரண்டு எண்கள் போதுமாம். நடந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு அதேபோல் இன்னொன்று. இரண்டையும் பெருக்கி, வரும் விடைக்கு ஏற்பக் கட்டத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்ட வேண்டும். சிவப்பு வந்தால் வேலை நிற்கும். வேலை நிற்கக் கூடாது என்பதால் சிவப்பு வருவதில்லை.

நான் வேலை பார்த்த துணைமின்நிலையத்தில் இப்போது ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் அப்படி ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், எதாவது விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒரு தாளை நானும் ஒருமுறை தயாரித்திருக்கிறேன். அதனால் கட்டைவிரலைக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் நெய்வேலிக்கு வந்த கதை பெரிதில்லை. குறிஞ்சிப்பாடியில் தறி ஓடிய வீடு எங்களுடையது. டிப்ளமா முடித்தேன். பயிற்சி ஆண்டு முழுவதும் மற்றவர்களுக்கு டார்ச் பிடித்தேன். பிறகு டவுன்ஷிப் பிளாக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பதினோராயிரம் வோல்ட் துணைமின்நிலையத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து யாரும் என்னை மாற்றவில்லை. என் திறமையால்தான் என்று நினைத்திருந்தேன். 'ரூல்ஸ் கலியபெருமாளை எங்க செக்ஷனுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க' என்று மற்ற பகுதிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தது பிற்பாடு தெரிந்தது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் சுவிட்சை அணைக்கும்போது உள்ளே சின்னதாக ஒரு பொறி தெறிக்கும். பதினோராயிரம் வோல்ட்டில் அந்தப் பொறி ஓர் அடுப்பு. அதை அணைத்துத் தரும் பெரிய சுவிட்சுக்குப் பெயர் பிரேக்கர். பொறியை எதைக் கொண்டு அணைக்கிறது என்பதை வைத்து வகை பிரிப்பார்கள். எண்ணெயில் அணைப்பது பழைய வகை. காற்றை ஊதி அணைப்பது உண்டு. வாயு அடைத்த வகை பெரும்பாலும் வெளி யார்டில், உயர் அழுத்தத்துக்கு நிற்கும். வேக்குவம் என்பது காற்றே இல்லாத குடுவைக்குள் பொறியைப் பட்டினி போட்டுக் கொல்வது. பிரேக்கரும் அதைச் சேர்ந்த கருவிகளும் இருக்கும் இரும்பு அலமாரியைப் பேனல் என்போம். எங்களிடம் பதினொரு பேனல்கள் ஒரே வரிசையில், தோளோடு தோள் ஒட்டி நின்றன. முன்பக்கம் கைப்பிடிகளும் விளக்குகளும். பின்பக்கம் ஓர் ஆள் போகும் அளவுக்கு நடைவழி. கேபிள்கள் வந்து சேர்வது அங்கேதான்.

அவற்றில் ஒன்றில் கைவைத்து வேலை செய்ய வேண்டுமானால், பொறுப்பு இன்ஜினியர் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, கம்பியை எர்த் செய்து, அதாவது தரையோடு இணைத்துவிட்டு, 'இனி வேலை செய்யலாம்' என்று கையெழுத்திட்ட தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதுதான் பர்மிட். இது எல்லா ஊரிலும் உள்ள விதி. எங்கள் இடத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. பர்மிட் கொடுப்பவர் கையுறையைக் கழற்றி, வேலை செய்யப் போகிறவர் பார்க்க, மூன்று கேபிள் முனைகளையும் ஒவ்வொன்றாக வெறுங்கையால் தொடுவார். அதன் பிறகுதான் தாள் கைமாறும். தொட்டுக் கொடுப்பது என்று அதற்குப் பெயர். யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் தேடியிருக்கிறேன். புத்தகத்தில் இல்லாததால் எனக்கு அதில் மரியாதையும் இல்லை. ஆனாலும் முப்பது வருடம் தொட்டேன். தொடாவிட்டால் ஒருவரும் ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள்.

தானே புயல் டவுன்ஷிப்பின் மரங்களைப் பாதிக்குப் பாதி சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் எண்ணெய் பிரேக்கர்களுக்கும் வயது வந்துவிட்டது என்று முடிவாயிற்று. வேக்குவம் பேனல்கள் வந்தன. பழையது மின்சாரத்தைத் துண்டித்தால் 'தும்' என்று தரை அதிரும்; எண்ணெய் கறுக்கும்; வடிகட்ட வேண்டும். புதியது 'டக்' என்றது, அவ்வளவுதான். எர்த் செய்யும் சுவிட்சும் உள்ளேயே இருந்தது. மின்சாரம் உண்டா இல்லையா என்று முன்பக்கத்திலேயே மூன்று சின்ன விளக்குகள் சொல்லின.

பேனல்கள் மாறியதோடு எங்களுக்கு ஒரு புதிய அதிகாரியும் வந்தார். தமிழ்ச்செல்வி மேடம், சேலத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பதவியில் மூன்று படி மேலே. ஸ்விட்ச் ரூமுக்குள் நுழையும்முன் கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டு, பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் வருவார். பை தொங்கினால் மேடம் உள்ளே என்று அர்த்தம். எல்லோருடைய நடையிலும் ஒரு திருத்தம் தெரியும். ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கேள்வி கேட்டுவிட்டு ரிஜிஸ்டரைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பார். பதில் "வழக்கமா..." என்று தொடங்கினால் பேனாவை மூடிவிடுவார். "வழக்கம்னா எந்த ரூல்ல, எத்தனையாவது வரி?" எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இடர் மதிப்பீட்டுத் தாளைப் புதிய பேனல்களுக்கு ஏற்ப மாற்றி எழுதும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். பேனல்கள் மாறிப் பல மாதங்கள் ஆகியும், எங்கள் ஆட்கள் 'எண்ணெய் அளவு: சரி' என்று ஒவ்வொரு வேலைக்கும் டிக் அடித்து வந்திருந்தார்கள். வேக்குவம் பிரேக்கரில் எண்ணெயே கிடையாது. கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்த வரியை அடித்தேன். பின்பக்கம் போய், மின்சாரம் இருந்தால் கத்தும் டிடெக்டரைக் கோலில் மாட்டிச் சோதிக்கும் வரியையும் அடித்தேன். முன்பக்க விளக்கும் உள் எர்த்தும் இருக்கும்போது அது இரட்டை வேலை. தொட்டுக் கொடுப்பதைத் தடை செய்து ஒரு சுற்றறிக்கையும் எழுதினேன். வெறுங்கையால் மின்கம்பியைத் தொடுவது பாதுகாப்பு நடைமுறை என்று எந்த நாட்டில் சொல்வார்கள்? 'பின்பக்கம் பேனல் எண் சரிபார்க்கப்பட்டது' என்ற வரியை மட்டும் அப்படியே விட்டேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மின் அதிர்ச்சி: மோசம் ஐந்து, வாய்ப்பு ஒன்று. விடை ஐந்து, பச்சை. வாய்ப்புக்கு ஏன் ஒன்று போட்டேன் என்றால், எங்கள் இடத்தில் அதுவரை நடந்ததில்லை. மேடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு ஒருநாள் காலை. ஏழாம் பேனலின் கேபிள் முனை சூடாகிறது என்று புகார். முனையை வெட்டிப் புதிதாகக் கட்ட வேண்டும். சுற்றறிக்கைக்குப் பிறகு கேபிள் முனையில் கைவைக்கும் முதல் வேலை அது. அந்த வேலைக்கு அருளப்பன் வந்திருந்தார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்துபோகும் கான்ட்ராக்ட் ஆள். கேபிள் முனை கட்டுவதில் அவரைப்போல் சுத்தமான கை எங்களுடைய பெர்மனென்ட் ஆட்களில் ஒருவருக்கும் கிடையாது. துணைக்கு அவருடைய மனைவியின் தம்பி சேவியர்.

ஏழாம் பேனலின் பிரேக்கரைத் திறந்து வெளியே இழுத்தேன். கேபிளின் மறுமுனையிலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியதைத் தொலைபேசியில் உறுதி செய்தேன். மூன்று விளக்குகளும் அணைந்திருந்தன. எர்த் சுவிட்சைப் போட்டுப் பூட்டினேன். ஒன்றிலும் பிழையில்லை. மேசைக்கு வந்து, பின்பக்க எண்ணைப் பார்த்து வருமாறு அருளப்பனை அனுப்பினேன். "ஏழு போட்டிருக்கு சார்" என்றார். டிக் அடித்தேன். எல்லாக் கட்டங்களும் நிறைந்தன. பர்மிட்டைக் கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தேன்.

ஐந்து நிமிடத்தில் அருளப்பன் திரும்பி வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"சார், கவர் கழட்டியாச்சி. வந்து தொட்டுக் குடுங்க."

"தொடக் கூடாதுன்னு சுற்றறிக்கை ஒட்டியிருக்கே, பாக்கலயா?"

"பாத்தேன் சார். உங்க கையெழுத்து மணிமணியா இருந்திச்சி. வாங்க."

"ரூல் மாறிடுச்சி அருளப்பன்."

"மாறட்டும் சார். எங்க வூடு மாறலயே. சாயங்காலம் நான் அங்கதான போவணும்?"

வாசலில் நின்ற சேவியர், "வூட்டுல அக்கா ஒண்ணும் வழிய பாத்துக்கினு நிக்கல மாமா. நீ லேட்டா போனா சந்தோசப்படும்" என்றார்.

"நீ சும்மா இர்றா. சார், இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்ததுக்கு ரெண்டு தரம் தொட்டிருக்கலாம்."

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐய, அப்படியெல்லாம் இல்லீங்க. தொட்டுக் குடுங்க."

அவரை விலக்கிவிட்டு வேறு ஆளைப் போட எனக்கு அதிகாரம் இருந்தது. ஒரு வார்த்தை மேலே சொன்னால் அவருடைய கேட் பாஸ் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நின்றார். எரிச்சலோடு எழுந்தேன். மேடம் வருவதற்குள் தொட்டுத் தொலைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பின்பக்க நடைவழியில் கழற்றிய மூடி சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் பெரிதாக ஏழு. திறந்த பேனலுக்குள் மூன்று கேபிள் முனைகள் வரிசையாக நின்றன. கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். கையைத் தூக்கினேன். தூக்கிய கை பாதியில் நின்றது. பயம் என்று சொல்ல முடியாது. ஆற்றில் இறங்குமுன் காலை நீட்டி ஆழம் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு தயக்கம்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய், ஸ்டாண்டில் தூசி படிந்து கிடந்த டிடெக்டர் கோலை எடுத்து வந்தேன். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன். பொத்தானை அழுத்தினேன், கத்தியது. அப்படியானால் கருவி வேலை செய்கிறது. கோலை நீட்டி முதல் முனைக்கு அருகே கொண்டுபோனேன்.

அது மறுபடி கத்தியது. நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் டிக்குகள் மேல். கோலை விலக்கினால் நின்றது, நீட்டினால் கத்தியது. இரண்டாவது முனை. மூன்றாவது முனை.

"ரெண்டு பேரும் வெளியே போங்க. எதையும் தொடாம போங்க" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று அருளப்பன் பின்னர் சொன்னார்.

முன்பக்கம் போய் இடமிருந்து எண்ணினேன். பிரேக்கரை வெளியே இழுத்து வைத்திருந்தது ஏழாவதில்தான். பின்பக்கம் வந்து வலமிருந்து எண்ணினேன். திறந்து கிடந்தது ஆறாவது. ஆறாம் பேனல் குடிநீர் பம்ப்ஹவுசுக்குப் பதினோராயிரம் வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து மூடிகளின் எண்களை அப்போதுதான் வரிசையாகப் படித்தேன். ஐந்து, ஏழு, ஆறு, எட்டு. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்திருந்தோம். ஏழு எங்கே என்று மட்டும் தேடியதால் அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாரும் படிக்கவில்லை.

நடந்தது எளிமையானது. எண்ணெய்க் காலத்துப் பேனல்களுக்குப் பின்பக்கம் கீல் வைத்த கதவு. கதவு எங்கும் போகாது. அதில் எழுதிய எண்ணும் எங்கும் போகாது. புதிய பேனல்களுக்குப் போல்ட் போட்ட தகட்டு மூடி. பதினொன்றும் ஒரே அளவு. ஆண்டுப் பராமரிப்பின்போது ஆறையும் ஏழையும் ஒன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து, மாற்றி மாட்டியிருந்தார்கள். அன்று மேற்பார்வை நான். எண்ணெய் அளவை அடித்துவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்த நான், கதவுக்காக எழுதிய வரியை மூடிக்கு அப்படியே விட்டிருந்தேன்.

மேடம் வந்தார். பையை மாட்டினார். உள்ளே வந்து டார்ச் அடித்து ஐந்து, ஏழு, ஆறு, எட்டு என்று தானும் படித்தார்.

"பர்மிட் யார் குடுத்தது?"

"நான்."

"ஷீட் யார் எழுதினது?"

"நான்."

"அப்ரூவ் பண்ணது நான்" என்று அவரே சொன்னார். "சரி. பம்ப்ஹவுசுக்குச் சொல்லுங்க."

ஆறையும் நிறுத்தினோம். மூடியை மாட்டினோம். உண்மையான ஏழைத் திறந்து டிடெக்டரை வைத்தேன், சத்தமில்லை. எர்த் கோலையும் மாட்டினேன். கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், மேடம் தன் கையுறையைக் கழற்றி மூன்று முனைகளையும் தொட்டார். "சர்க்குலரை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அருளப்பன் நான்கு மணிக்குள் வேலையை முடித்தார்.

விசாரணை அறிக்கை நன்றாகவே வந்தது. எண்களை இனி நகராத சட்டத்தில் எழுத வேண்டும். மூடிகளைச் சங்கிலியால் அந்தந்தப் பேனலோடு பிணைக்க வேண்டும். பின்பக்கச் சோதனையை மீண்டும் சேர்க்க வேண்டும். 'விபத்தைத் தடுத்தது எது' என்ற கட்டம் மட்டும் தொல்லை கொடுத்தது. டிடெக்டர் சோதனை என்று எழுதினேன். "அதைத்தான் நாம ஷீட்டுலேர்ந்து எடுத்துட்டமே, பிறகு ஏன் செஞ்சீங்க?" என்றார் மேடம். "அனுபவம்" என்றேன். மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போய், பாதுகாப்பு வார விழாவில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நீண்ட அனுபவத்தால் பெற்ற விழிப்புணர்வு' என்று மேடையில் வாசித்தார்கள். கடைசி வரிசையில் அருளப்பனும் சேவியரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து பந்தலுக்கு வெளியே டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அருளப்பன் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காதீங்க."

"கேளுங்க."

"அன்னிக்கி அந்தக் கோல எதுக்கு எடுத்தீங்க?"

"மேடையில சொன்னாங்களே."

"அது மேடைக்கு, சார். காலையில மேசையில உக்காந்துகினே எனக்குப் பேப்பர் குடுத்தீங்களே, அப்ப அந்த அனுபவம் எங்க போயிருந்திச்சி?"

விசாரணையில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருந்தன. இது இல்லை. சமோசா என் கையிலேயே இருந்தது. 'மறந்துட்டேன்' என்று சொல்லியிருக்கலாம், அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். நான் மறக்கவில்லை.

"மேசையில இருந்தப்ப உள்ள போகப்போற கை உங்களுது" என்றேன். "பின்னால வந்தப்ப அது என் கை."

அருளப்பன் டீயைக் குடித்து முடித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"தெரியும் சார்" என்றார். "அதுக்குத்தான தொடச் சொல்றது."

மறுநாள் மேடத்திடம் போய், அறிக்கையில் 'அனுபவம்' என்பதை அடிக்கச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அதற்குப் பதிலாக, 'வேலை செய்பவர் தொடச் சொல்லிக் கேட்டதால்' என்று எழுத வைத்தேன். சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொள்ள விதி இல்லை என்று சொன்னார்கள். இப்போது அது பீரோவுக்குள் எங்கோ கிடக்கிறது. தொடுவதற்கான தடையை மேடத்தால் நீக்க முடியவில்லை. ஆனால் தாளில் ஒரு வரி கூடியது: டிடெக்டரைப் பர்மிட் வாங்குபவரும் தன் கையால் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். பிள்ளைகள் எனக்கு அனுப்பிய தாளில் அந்த வரியும் இருக்கிறது. எதற்காக வந்தது என்று தெரியாமல் யாராவது ஒருநாள் இரட்டை வேலை என்று அதை அடித்துவிடக் கூடும். நான் அடித்ததைப் போல.

அடுத்த பர்மிட் மூன்றாம் பேனலுக்கு. சட்டத்தில் எழுதிய எண்ணை அருளப்பன் வாய்விட்டுப் படித்தார். நான் வைத்துப் பார்த்த பிறகு கோலை வாங்கி, மூன்று முனைகளிலும் அவசரமில்லாமல் தானும் வைத்துப் பார்த்தார். நான் எர்த் கோலை மாட்டினேன். அவர் பேனாவை வாங்கி உரிய இடத்தில் கையெழுத்திட்டார். பிறகு நடைவழியில் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

"இப்ப தொடுங்க சார். நான் பாத்துட்டேன், ஒண்ணும் ஆவாது."

கையுறையைக் கழற்றி மூன்றையும் தொட்டேன். அதன் பிறகுதான் அவர் கத்தியை எடுத்தார்.